ஒன்றாம் சேனல்

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் பாட்டுக் குழுவின் பழைய ஒலி மிக்ஸர் சனிக்கிழமை ஒரு கல்யாண வரவேற்பில் உயிரை விட்டது. நான் உச்சத்தில் பாடிக்கொண்டிருந்தபோது ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம். முன்வரிசையில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது. டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து தம்பி சிரித்தான். அவனுக்கு எல்லாமே சிரிப்புதான்.

இனி டிஜிட்டல்தான் என்று நால்வரும் முடிவு செய்தோம். எது என்பதில்தான் நாலு பேருக்கு நாலு கருத்து. தம்பிக்கு அது கைப்பேசியில் இயங்க வேண்டும். பேஸ் கிடார் வாசிக்கும் நெட்டைக்கு, தூக்கிப் போனால் முதுகு போகக் கூடாது. கீபோர்டு வாசித்துக்கொண்டே துணைக்குரலும் கொடுக்கும் என் மனைவி, “நீங்களே பாத்து எடுங்க” என்று ஒதுங்கிக்கொண்டாள். கடைசியில் பொறுப்பு என் தலையில். பன்னிரண்டு வருடமாகக் கிடாரோடு முன்னால் நின்று பாடுகிறவன் நான், மிக்ஸரைக் கட்டி மேய்ப்பவனும் நான். வேறு யார் தலையில் விழும்?

இருபத்தெட்டாம் தேதி ஒரு பெரிய ஹோட்டலில் பாடிக்காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் வருடம் முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே நாங்கள்தான். ஐந்து வருடமாக நான் கேட்டு அலைந்த இடம். அதற்குள் மிக்ஸர் வந்து, பழகி, கை பதிய வேண்டும்.

மார்ச் 4, புதன்

வாரத்துக்கு ஒன்றாக இரண்டு மிக்ஸர்களை ஓட்டிப் பார்க்கத் தருகிறாராம் கடைக்காரர். “எடுத்துட்டுப் போய் வாசிச்சுப் பாருங்க சார். பிடிக்கலைன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன்.” நல்ல மனிதர். அல்லது நல்ல வியாபாரி.

மார்ச் 7, சனி

முதல் மிக்ஸர் வந்தது. பெரியது. டயர் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் பயிற்சி அறைக்கு மாடிப்படி ஏற்றி முடிப்பதற்குள் நெட்டை அதை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டான்.

ஆனால் என்ன அழகு! ஃபேடர்கள் தாமாகவே நகர்கின்றன. ஒவ்வொரு குரலுக்கும் வாத்தியத்துக்கும் ஒரு சேனல், சேனலுக்கு ஒரு ஃபேடர், மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே இழுத்தால் குறையும் என்பது பழையதிலும் உண்டு. இதில் யார் காதில் எது எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை அவரவரே கைப்பேசியில் வைத்துக்கொள்ளலாம். இயர்போனை மாட்டிக்கொண்டால் போதும். பழையதில் மூவருக்கும் சேர்த்து ஒரே மானிட்டர், அதில் நான் வைத்ததுதான் சட்டம். என் குரலைத் தூக்கலாக வைப்பேன். பாட்டு எங்கே போகிறது என்று தெரிந்தால்தானே மற்றவர்கள் பின்னால் வர முடியும்?

விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளைகள் மாதிரி மூவரும் கால் மணி நேரம் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பிறகு வாசித்தோம். சும்மா சொல்லக் கூடாது, இவ்வளவு கச்சிதமாக அவர்கள் வாசித்து நான் கேட்டதில்லை.

ஒரே ஒரு குறை. நான் பாட்டை எடுப்பதற்கு முன்னால் என் மனைவி கீபோர்டில் ஒரு ஸ்வரத்தை ‘டிங் டிங்’ என்று இரண்டு தடவை தட்டுகிறாள். போன வருடத்திலிருந்து பிடித்துக்கொண்ட பழக்கம். அலங்காரம் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது. நிறுத்தச் சொல்ல வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

மிக்ஸரைப் பழகலாம் என்று தனியாக அறைக்குப் போனேன். கீழே டயர் கடை மூடியிருந்தது. ஈ காக்கை இல்லை.

ஆளுக்கொரு பொத்தான் இருக்கிறது. ஒருவர் பொத்தானை அழுத்தினால், அவர் காதுக்கு என்ன போகிறதோ அதன்படி ஃபேடர்கள் எல்லாம் நகர்ந்து நிற்கும். தம்பியின் பொத்தானை அழுத்தினேன். சர்ரக். பேஸ் உச்சிக்கு ஏறியது, கீபோர்டு பாதியில் நின்றது. ஒன்றாம் சேனல் சரிந்து அடியில் போய் உட்கார்ந்தது.

ஒன்றாம் சேனல் நான்.

சரி, தாளக்காரன், அவனுக்கு எதற்குப் பாட்டு? நெட்டையின் பொத்தானை அழுத்தினேன். எல்லாம் நகர்ந்தன, ஒன்று மட்டும் அசையவில்லை. அதுதான் ஏற்கெனவே அடியில் கிடக்கிறதே. என்னுடையதை அழுத்தினேன், ஏறியது. என் மனைவியுடையதை அழுத்தினேன். மேலேயிருந்து கீழே, கடைசிவரை இறங்கியது.

திரும்ப அழுத்தினேன். என்னுடையது, அவளுடையது. என்னுடையது, அவளுடையது. ஏழெட்டுத் தடவை. ஒவ்வொரு தடவையும் ஏறி, ஒவ்வொரு தடவையும் இறங்கியது.

துணைக்குரல் கொடுப்பவள் அவள். நான் பாடுவது காதில் விழாமல் எதற்குத் துணை கொடுக்கிறாள்?

மார்ச் 9, திங்கள்

மிக்ஸரில் சந்தேகம் கேட்பதுபோலத் தம்பிக்குப் போன் செய்தேன். “என் குரலை ஏன்டா இறக்கி வெச்சிருக்கே?”

“நான் இறக்கலண்ணா. ஆரம்பத்துல எல்லாமே கீழதான் இருந்துச்சு. வேணுங்கிறத மட்டும் ஏத்திக்கிட்டேன்.”

பிறகு அவனே, “டிரம்ஸ் அடிக்கிறவனுக்குப் பாட்டு எதுக்குண்ணா” என்றான். வேலை இருக்கிறதென்று வைத்துவிட்டான்.

ஆக, யாரும் என்னை இறக்கவில்லை. ஏற்றவில்லை, அவ்வளவுதான். தம்பி பாட்டுக்கு ஒரு தடவை குலுக்கும் ஷேக்கரின் மைக்கைக்கூட மூவரும் ஏற்றியிருக்கிறார்கள்.

மார்ச் 10, செவ்வாய்

செய்திருக்கக் கூடாது. செய்துவிட்டேன்.

இன்று பயிற்சியிலும் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு எல்லோரும் இயர்போனில்தான். மூன்றாவது பாட்டில், இரண்டாம் சரணத்தின் நடுவில், பாடுவதை நிறுத்தினேன். கிடாரை நிறுத்தவில்லை. மெல்லத் திரும்பிப் பார்த்தேன். ஒரு வரி போனது. இரண்டு வரி. தம்பி கண்ணை மூடி அடித்துக்கொண்டிருந்தான். நெட்டை தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். துணைக்குரல் வர வேண்டிய இடம் வந்தது. விரல்களைப் பார்த்தபடியே என் மனைவி எடுத்தாள் – நேரம் தப்பாமல், சுருதி தப்பாமல். அங்கே இல்லாத ஒரு குரலுக்குத் துணையாகப் பாடினாள். அழகாகப் பாடினாள். அதுதான் தாங்கவில்லை.

எட்டு வரி. தம்பி கண்ணைத் திறந்து என் வாயைப் பார்த்தான். “என்னண்ணா, மைக் போச்சா?”

“ஆமா” என்றேன். வயரைப் பிடுங்கித் திரும்ப மாட்டினேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உடனே கீபோர்டைப் பார்த்துக்கொண்டாள்.

மார்ச் 11, புதன்

நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் துணி மடித்தோம்.

மார்ச் 14, சனி

பெரியது திரும்பிப் போய், சின்னது வந்தது. ஒரு கையில் தூக்கலாம். டேப்லெட்டில்தான் இயக்க வேண்டும். காதுக்குப் போக இரண்டே வழி: ஒன்று எனக்கு, இன்னொன்று மற்ற மூவருக்கும் சேர்த்து. பழையது மாதிரியே. அந்த இன்னொன்றில் என் குரலை முக்கால்வாசிக்கு ஏற்றினேன்.

முதல் பாட்டிலேயே துணைக்குரல் தள்ளாடியது. தம்பி தாளத்தைக் கோட்டை விட்டான். நெட்டை இயர்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

“பெருசையே எடுத்துக்கலாம்ணா” என்றான் தம்பி.

“படியேத்தி முதுகு போச்சுன்னு அன்னைக்கு யாருடா புலம்பினது? சின்னதுதான். முடிவு பண்ணிட்டேன்.”

“முதுகு என்னோடது. நான் தூக்கிக்கிறேன்டா” என்றான் நெட்டை.

நெட்டையா இதைச் சொல்வது? பள்ளிக்கூடத்திலிருந்து தன் தண்ணீர் பாட்டிலைக்கூட என்னைத் தூக்கச் சொல்கிறவன்!

கத்திவிட்டேன். முன்னாடி நிக்கிறவன் நான், ஏதாவது ஆச்சுன்னா மானம் போறது எனக்கு, எது வேணும்னு எனக்குத் தெரியாதா, அது இதுன்னு. என் மனைவி கீபோர்டுக்கு உறையைப் போட்டு மூடினாள். “ஹோட்டலுக்கு ரெண்டு வாரந்தான் இருக்கு. சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம்” என்றாள்.

எனக்கு ஒன்றும் தெரியாமலில்லை. அவர்கள் என்னைக் கேட்கும்படி செய்ய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு மிக்ஸர் வாங்குகிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வாங்குவேன்.

மார்ச் 16, திங்கள்

கடைக்குப் போய்ச் சின்னதே போதும் என்றேன்.

“நல்லா யோசிச்சுட்டீங்களா சார்? உங்க தம்பி பெருசைத்தான் புகழ்ந்துட்டுப் போனாரு.”

“யோசிச்சாச்சு.”

பேனாவை எடுத்தவர், “மறந்துட்டேன் பாருங்க” என்று இழுப்பறையிலிருந்து ஒரு மெமரி கார்டை எடுத்து நீட்டினார். பெரிய மிக்ஸரில் தம்பி போட்டுவிட்டு மறந்தது. எங்கள் பயிற்சியை ஒவ்வொரு சேனலாகத் தனித்தனியே பதிவு செய்து வைத்திருக்கிறதாம். “ஒரு தடவ கேட்டுட்டு வாங்க சார். பில் எங்கயும் ஓடிடாது.”

அவர் கேட்டிருப்பாரோ? கார்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நாள் முழுக்க நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

வேனில் உட்கார்ந்து கேட்டேன். பட்டப்பகலில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மடிக்கணினியைத் தொடையில் வைத்துக்கொண்டு. முதலில் மற்றவர்களைக் கேட்டேன் – கோழை. டிரம்ஸ். பேஸ். கீபோர்டு. பிறகு ஒன்றாம் சேனல் மட்டும்.

பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் என் குரலை நான் கேட்டு எத்தனை வருடம் ஆகிறது? கீழே நன்றாகத்தான் இருக்கிறது. மேலே போகப் போகச் சுருதி இறங்குகிறது. கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும். உச்சத்தில் எட்டிப் பிடிக்கப் பார்த்து, பிடிபடாமல், ஒரு கத்தல். அதைத்தான் இத்தனை நாளும் உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கீபோர்டையும் என் குரலையும் மட்டும் சேர்த்துப் போட்டேன். டிங் டிங். நான் தொடங்குகிறேன், சரியாக. நாலு வரியில் நழுவுகிறேன். இடையிசை முடிகிறது. டிங் டிங். மறுபடியும் சரியாகத் தொடங்குகிறேன்.

அலங்காரம் இல்லடா மடையா. உனக்குச் சுருதி குடுத்துக்கிட்டு இருந்திருக்கா. ஒரு வருஷமா. ஒவ்வொரு பாட்டுக்கும். அதப் போயி நிறுத்தச் சொல்லணும்னு எழுதி வெச்சிருக்கே.

அழுதேன். வேன் கண்ணாடியெல்லாம் மூச்சுக்காற்றில் மங்கிவிட்டது. வெளியே யாரோ வண்டியை எடுக்கச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

மார்ச் 18, புதன்

குளிக்கும்போதுகூடப் பாடவில்லை.

மார்ச் 19, வியாழன்

அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “எப்ப இருந்து?” என்றேன். எது என்று அவள் கேட்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள்.

“போன வருஷம் தொண்டை கட்டி ரெண்டு மாசம் பேச்சே இல்லாம இருந்தீங்களே. அதுக்கப்புறம்.”

“ஏன் சொல்லலை?”

“சொன்னேனே. இன்னொரு தடவ டாக்டரைப் பாக்கலாம்னேன். சுருதிய ஒரு கட்டை இறக்கிப் பாடலாம்னேன். ‘என்னைக் கிழவன் ஆக்கப் பாக்குறியா’ன்னு தட்டை நகத்திட்டு எழுந்து போனீங்க. நாலு நாள் மூஞ்சி குடுத்துப் பேசலை.”

அந்த நாலு நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சாப்பாட்டில் உப்பு இல்லை என்று கோபித்ததாக ஞாபகம்.

“அதுக்காக என் குரலே வேணாம்னு வெச்சிட்டியா?”

“உங்க குரல் காதுல விழுந்தா நானும் உங்ககூடவே இறங்கிடறேங்க” என்றாள். “பன்னெண்டு வருஷமா உங்க பின்னாடியே பாடிப் பழகின தொண்டை. ரெண்டு பேரும் சேர்ந்து இறங்கினா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். நான் ஒருத்தியாவது சரியா நின்னா, உங்களோடது அவ்வளவா தெரியாது. அதான் கீபோர்டை மட்டும் கெட்டியா பிடிச்சுக்கிட்டேன்.”

அவள் நறுக்கிய காயைப் பாத்திரத்தில் அள்ளிப் போட்டேன். அவளே தொடர்ந்தாள்: “சின்ன மிக்ஸர்தான்னா அதுவே இருக்கட்டும். எத வெச்சாலும் பாடறேன். ஆனா ஹோட்டல்ல மட்டும் சின்னது வேணாங்க.”

கத்தியை எடுத்து மீதிக் காயை நான் நறுக்கினேன். துண்டுகள் கோணல்மாணலாக இருந்தன. அவள் அவற்றை அப்படியே குழம்பில் போட்டாள்.

மார்ச் 20, வெள்ளி

சின்னதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரர் பெரியதை ஏற்கெனவே துடைத்து எடுத்து வைத்திருந்தார்.

மார்ச் 21, சனி

மாடிப்படி ஏற்றும்போது நெட்டை ஒரு வார்த்தை முனகவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

பாட்டுப் பட்டியலை நடுவில் வைத்தேன். நேற்றெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு எதுவும் வரவில்லை. “ஏழு பாட்டு ஒரு கட்டை இறங்குது. கடைசி ரெண்டையும் உங்க அண்ணி பாடுவா. நான் துணைக்குரல்.”

தம்பி சிரிக்கவில்லை. “சரிண்ணா” என்றான். குச்சிகளைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

“ஏழு பாட்டுக்கும் நான் புதுசா விரல் வைக்கிற இடம் தேடணுமேடா” என்றான் நெட்டை.

“தேடு.”

“தேடறேன்.”

நல்லவேளை, யாரும் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. டாக்டரிடம் செவ்வாய்க்கிழமைக்கு அவள் நேரம் வாங்கியிருக்கிறாள். இனி யார் பொத்தானையும் அழுத்திப் பார்ப்பதில்லை என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

மார்ச் 28, சனி

பாடினோம். ஹோட்டல் மேலாளர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசி இரண்டு பாட்டுக்கு அவளையும் கீபோர்டையும் முன்னால் நகர்த்தினோம். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் பாடுவது இதுதான் முதல் தடவை. என் காதில் அவள் குரலை உச்சிவரை ஏற்றி வைத்திருந்தேன்.

ஏப்ரல் 25, சனி

ஹோட்டலில் எங்களுக்கு நாலாவது சனிக்கிழமை. நான் நாலு மணிக்கே வந்துவிட்டேன். கூடத்தில் மேசை விரிப்புகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் சொன்ன வெந்நீரைக் குடித்தேன். மிக்ஸரை உயிர்ப்பித்தேன். சத்தியத்தை மீறினேன்.

தம்பி: ஒன்றாம் சேனல் அடியில். அவன் உண்மையிலேயே தாளக்காரன்தான்.

நெட்டை: ஒரு விரற்கடை ஏறியிருந்தது. கை பட்டிருக்கும்.

அவள் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் மிக்ஸரைத் துணியால் துடைத்தேன், தூசி ஒன்றும் இல்லாவிட்டாலும். பிறகு அழுத்தினேன். ஒன்றாம் சேனல் சர்ரென்று ஏறி, பாதிக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது. பக்கத்தில் அவளுடைய சேனல், அதைவிட ஒரு நூல் உயரத்தில்.

இன்னொரு தடவை அழுத்திப் பார்க்கவில்லை.

ஐந்தரைக்கு மூவரும் வந்தார்கள். ஏழு மணிக்கு விளக்கு மாறியது. முதல் பாட்டை நான் எடுப்பதற்கு முன் அவள் ‘டிங்’ என்று தட்டினாள். ஒரே ஒரு தடவை.