எங்க பக்கம், உங்க பக்கம்

பிள்ளையார்பாளையம்,
பெரிய காஞ்சிபுரம்,
12.5.1997

அன்பும் மரியாதையும் உள்ள என் வீட்டுக்காரருக்கு இளவரசி எழுதுவது. நானும் பாப்பாவும் சுகம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

பாப்பாவுக்குப் பெயர் வைத்த அன்று சாப்பிடாமல் கிளம்பிப் போனவர், இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆகியும் வரவில்லை. அப்பா பேசியது தப்புதான். "சின்ன காஞ்சிபுரத்துல நமக்கு யாரு இருக்காங்க மாப்பிள்ளை? பொண்ணும் கொழந்தையும் இங்கயே இருக்கட்டும். நீங்களும் ஊரோட வந்துடுங்க" என்று அத்தனை பேர் நடுவில் சொல்லியிருக்கக் கூடாது. நீங்கள், "எல்லாம் ஒரே முனிசிபாலிட்டிதானே மாமா" என்றீர்கள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அது கேலி இல்லை. ஆரணிக்காரரான உங்களுக்கு இது புரியாது. எங்களுக்கு நாலு கிலோமீட்டர் தாண்டினாலே வேறு ஊர். அம்மாகூட, "மாப்பிள்ளை ஊர்ல இருக்காரா?" என்றுதான் உங்களைக் கேட்கிறாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமாக அங்கே என் பெயர் 'பெரிய காஞ்சிபுரத்துப் பொண்ணு'. நீங்கள் கரண்டு கம்பம் ஏறப் போய்விட்டால் எனக்குப் பேச ஆளில்லை. அதனால் எனக்கும் கிளம்ப மனம் வரவில்லை.

உங்கள் இளவரசி


சின்ன காஞ்சிபுரம்,
16.5.1997

அன்பு இளவரசி,

உன் கடிதம் நாலு கிலோமீட்டர் வர மூன்று நாள் ஆகியிருக்கிறது. நீ சொல்வது சரிதான் போலிருக்கிறது, வேறு ஊர்தான்.

அவர்கள் சிரித்ததில் எனக்குக் கோபம் இல்லை. நீயும் சேர்ந்து சிரித்தாய். அதில்தான்.

எதிர்வீட்டு நாமகிரி மாமி தினமும் கேட்கிறார். "கொழந்தைக்கு முகம் தெரிய ஆரம்பிச்சுடுத்தா? எப்போ அழைச்சுண்டு வரப்போறே?" வெயில் தணியட்டும் மாமி என்று சமாளிக்கிறேன்.

கருட சேவைக்கு எங்கள் லைன்மேன்கள் எல்லோருக்கும் டூட்டி. பெருமாளுக்குப் பிடிக்கிற குடை தட்டாமல் முன்னால் போய் வயரைத் தூக்கிப்பிடிக்க வேண்டும். அதுவரை லீவு கிடையாது. பாப்பாவுக்கு என் முத்தம்.

குமரகுரு


பிள்ளையார்பாளையம்,
23.5.1997

கருட சேவை அன்று பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ராஜ வீதியில் நின்றேன். நீங்கள் ஏணியில் இருந்தீர்கள். கூப்பிட்டேன், மேளத்தில் கேட்கவில்லை. பாப்பா உங்களையே பார்த்தாள். நீங்கள் வயரைப் பார்த்தீர்கள்.

உங்கள் பெருமாளே அவ்வளவு தூரத்திலிருந்து எங்கள் பக்கம் வந்துவிட்டுப் போகிறார். உங்களால் அங்கிருந்து ஒரு எட்டு வர முடியவில்லையா?

இளவரசி


சின்ன காஞ்சிபுரம்,
27.5.1997

இளவரசி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

நான் வந்தேன். ஏணியை இறக்கியதும் உங்கள் தெருமுனை வரை வந்தேன். மாமா நாலு பேரோடு தெருவில் தறிக்கு நூல் பாவு நீட்டிக்கொண்டிருந்தார். மறுபடி சிரிப்பார்களோ என்று அப்படியே திரும்பிவிட்டேன்.

பெரிய காஞ்சிபுரத்து ஆபீசுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு வீடும் பார்த்திருக்கிறேன். நீ யாருக்கும் அசலூர்க்காரியாக இருக்க வேண்டாம். மாமாவிடம் நானே வந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

குமரகுரு


பிள்ளையார்பாளையம்,
31.5.1997

என் அன்பான வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சந்தோஷத்தில் அன்று சாயங்காலம் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் விஷயத்தைச் சொன்னேன். அங்கே கிருஷ்ணம்மாள் அக்கா, "நல்லவேளை, தப்பிச்சுக்கினே. சின்ன காஞ்சிபுரத்துக்காரங்க குடிக்கத் தண்ணி கேட்டாக்கூட யோசிச்சுதான் குடுப்பாங்க" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! "சும்மா சொல்லாதீங்கக்கா. நான் வாந்தி எடுத்துக்கினு படுத்திருந்தப்போ எதிர்வீட்டு மாமி மூணு மாசம் ரசம் வெச்சுக் கொண்டாந்து குடுத்தாங்க. எங்க பக்கத்து ஆளுங்க அப்படி இல்ல!"

"எங்க பக்கமா!" என்று அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். குழாயடியே சிரித்தது. என் முகம் எரிந்தது. அன்று கூடத்தில் நீங்கள் எப்படி நின்றிருப்பீர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் சிரித்திருக்கக் கூடாது. மன்னித்துவிடுங்கள்.

பேச ஆளில்லை என்று எழுதியதும் பொய். ஆள் இருந்தார்கள். நான்தான் வாசலைத் தாண்டிப் போகவில்லை.

மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். அந்த வீட்டையும் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். வெள்ளிக்கிழமை காலை நாங்கள் வருகிறோம்.

அப்பாதான் கொண்டுவந்து விடுகிறார். "மாப்பிள்ளைகிட்ட நான் பேசிக்கிறேம்மா" என்றார். கோயிலுக்குப் போனதைத் தவிர, அந்தப் பக்கம் ஒரு வீட்டுப் படி ஏறினவர் இல்லை. நேற்று தறியிலிருந்து இறங்கி வந்து மெதுவாகக் கேட்கிறார்: "அங்க எத்தினி நாளைக்கு வேட்டி எடுத்து வெச்சுக்கணும்?"

நாலு நாளைக்கு என்று சொல்லிவிட்டேன். ஒரு தலையணை கூடுதலாகப் பார்த்து வையுங்கள்.

உங்கள் இளவரசி