கிணற்றடி மண்

இறுப்பிட்டி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகன் பிரதாபனுக்கு,

இங்கே நானும் அம்மாவும் தங்கச்சி பவதாரணியும் கடவுள் புண்ணியத்தில் சுகம். உன் சுகத்தைக் கேட்டுத் தொடங்குவதுதான் முறை, ஆகவே கேட்கிறேன். அம்மாவின் முழங்கால் நோவு கொஞ்சம் குறைவு, எங்கள் பசு சிவப்பி நாம்பன் கன்று போட்டிருக்கிறது, மழை இன்னும் இல்லை. போனில் ஏசினால் நீ இடையில் புகுந்து சமாளித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கனடாவிலிருந்து ரெசின் என்ற அந்தப் பிசின் போத்தல்கள் அனுப்பியபோது, தங்கச்சி வீட்டில் இருந்தபடி ஒரு தொழில் பழகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். இரண்டு போத்தலையும் அளந்து கலந்து, குமிழி வராமல் மெதுவாகக் கிண்டி, மண்ணை உள்ளே வைத்து அச்சில் ஊற்றி, இறுகும்வரை ஒரு நாள் மூடிவைத்து அவள் எடுக்கிற பதக்கத்தில் நான் குறை சொல்லமாட்டேன். ஈரம் இருந்தால் மங்கிப்போகும் என்று மண்ணை அம்மாவின் தாச்சியில் போட்டு வறுக்கிறாள், அதற்கு அம்மா பேசுகிற பேச்சு வேறு. ஊர் மண்ணைக் கழுத்தில் போட ஆசைப்படுகிற சனத்துக்கு நீ ஓடர் எடுக்கிறாய் என்று பெருமையாகத்தான் இருந்தது. அவ்வளவும் எங்கள் கிணற்றடியில் அள்ளிய மண் என்று போன செவ்வாய்தான் தெரிந்தது. நெடுந்தீவு மண் கேட்டவருக்கும் அதுதான், நயினாதீவு கேட்டவருக்கும் அதுதான். மண் மண்தானே, ஆருக்குத் தெரியப்போகுது, பெட்டியில ஊர்ப் பெயரை மாத்தி ஒட்டு என்று நீ சொன்னாயாம். குருநாகலில் இருபது வருஷம் கடை வைத்திருந்தவன் நான், பழைய அரிசியைப் புதிதோடு கலந்து ஒரு கொத்துக்கூட விற்றதில்லை. இந்தப் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது?

அந்தச் செவ்வாய் சுவிசிலிருந்து கிருசாந்தி என்று ஒரு பிள்ளை பெட்டியில் இருந்த விலாசத்தைப் பிடித்து ஓட்டோவில் வந்து இறங்கியது. உன்னிடம் தன் வீட்டு மண் என்று கேட்டுப் பதக்கம் வாங்கிய ஆள். பிறந்த வீடு நெடுந்தீவில், தாய் போன வருஷம் அங்கே செத்தபோது வர ஏலாமல் போய்விட்டதாம். இப்போது போகலாம் என்று வந்தால், நெடுந்தீவுப் படகு புறப்படுகிற குறிகட்டுவானில் அன்று காற்று என்று படகை நிற்பாட்டிவிட்டார்கள். பதக்கத்தைக் கண்டதும் பவதாரணி குசினிக்குள் ஓடினாள், பின்னால் போய்க் கேட்டேன், அழுதுகொண்டு எல்லாம் சொன்னாள். நான் திரும்பி வந்து கதிரையில் இருக்க, எங்கட வீட்டில எந்த இடத்தில மண் எடுத்தனீங்கள் ஐயா என்று அந்தப் பிள்ளை கேட்டது. கிணத்தடியில என்று என் வாயில் வந்தது. அம்மாவை அங்கதான் கடைசியாக் குளிப்பாட்டினவை, நான் போனிலதான் பார்த்தனான் என்று சொல்லி பதக்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதது. பிளேன் வியாழன் இரவுதான், படகைப் பார்த்திருக்கப் புதன் ஒரு நாள் கையில் இருந்தது. பரவாயில்லை ஐயா, எங்கட மண் என்ர கழுத்திலதானே கிடக்கு, நான் திரும்பிறன் என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உன்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேல்தான்.

புதன் காலையில் காற்று விழுந்து படகு ஓடியது. அந்தப் படகில் நான் அந்தப் பிள்ளையின் வீட்டைத் தேடிப் போனேன். பூட்டிக் கிடந்த வீடு, ஆனால் முற்றம் துப்புரவாக இருந்தது, கிணறும் இறைத்திருந்தது. பிள்ளை வாறா எண்டு நேற்றே கூட்டி வைச்சனாங்கள், ஏன் வரேல்லை என்று பக்கத்து வீட்டு பிலிப்பு அண்ணை என்னைக் கேட்டார். அதற்குப் பதிலை நீ சொல்லு பார்ப்போம், பிரதாபன்.

அங்கே நான் அள்ளிவந்த கிணற்றடி மண் ஒரு போத்தலில் சாமியறையில் இருக்கிறது. நீ அந்தப் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லும்வரை பவதாரணி அதைத் தொடமாட்டாள், வேறு எந்தப் பதக்கமும் ஊற்றமாட்டாள். அந்தப் பிள்ளை ஏசினால் வாயை மூடிக்கொண்டு கேள். அப்பாவும் பொய் சொன்னவர் என்று அதையும் சேர்த்துச் சொல்லு.

குளிருக்குள் தலையை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, நேரத்துக்குச் சாப்பிடு. பிள்ளையார் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும். அடுத்த முறை வரும்போது முதலில் நெடுந்தீவுக்குப் போய் பிலிப்பு அண்ணைக்கு முகம் காட்டிவிட்டு, பிறகு வீட்டுக்கு வா.

உன் அப்பா,
அப்புத்துரை