மல்லிக்குப் பரங்கிக்காய்

அடுப்பில் பரங்கிக்காய் வேகிற வாசனைக்கு எழுந்துவந்து, மல்லி வாசற்படியில் தலையை வைத்துப் படுத்திருக்கிறாள், மச்சான். உன் நாய்தான். என் வீட்டில் இருப்பதால் என் நாயாகிவிடவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

மல்லி என்று பேர் வைத்த நாயிடம் கருவாட்டு நாற்றம். பின்புறத்தைத் தேய்த்துத் தேய்த்தே உன் வாசல் சிமெண்டை வழவழப்பாக்கிவிட்டாள். வயிற்றில் பூச்சி என்றாய் நீ. "பூச்சி இல்லடா, ஆசனவாய்க்கு ரெண்டு பக்கமும் சுரப்பி கீது, அது அடச்சிக்கினு நிக்குது" என்றவன் நான். சின்னசேலத்து மாட்டு டாக்டரம்மா அதைப் பிதுக்கிவிட்டுச் சொன்னதும் அதையேதான். அந்தம்மா பெரிய படிப்பு, நான் எட்டாவது, அவ்வளவுதான் வித்தியாசம். மலம் இளகியே போனால் சுரப்பி அழுந்தாது. நார்ச்சத்து சேர்ந்து திரண்டு போனால், போகிற போக்கில் அழுத்திக் காலியாக்கிவிடும். உப்பில்லாமல் வேகவைத்த பரங்கிக்காயும் கொஞ்சம் தவிடும் கொடுத்து, மெல்ல மெல்லக் கூட்டி, தண்ணீர் நிறைய வைத்தால் போதும் என்றார்.

நீ சிரித்தாய். "நான்தான் சாமக்கூழும் தவுடும் துன்னு வளந்தேன். என் வூட்டு நாயும் அதையே துன்னணுமா? போடா." தினமும் கறிக்கடை ஈரலும் வெள்ளைச் சோறும்தான் போட்டாய். அதை அவளுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தாய்.

நாற்றம் தாங்காமல் உன் மகன் அவளைக் கல்வராயன் மலையில் கொண்டுபோய் விட்டுவந்த அன்று, நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். நான்தான் தேடிப் போனேன். வழிமறித்த கரடியை ஹாரன் அடித்தே துரத்தினேன், அருவிப் பாறையில் இறங்கி அவளைத் தூக்கிவந்தேன் என்று டீக்கடையில் இன்றும் சொல்கிறேன். உனக்கு மட்டும் உள்ளதைச் சொல்கிறேன். கரடியும் இல்லை, பாறையும் இல்லை. மலைப்பாதை வளைவில் உட்கார்ந்திருந்தாள். என் மொபெட்டும் உன் மொபெட்டும் ஒரே சத்தம். நீதான் வருகிறாய் என்று ஓடிவந்தாள். என்னைப் பார்த்ததும் நின்று, எனக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள்.

என் வீட்டுக்கே கூட்டிவந்து பரங்கிக்காய் போடப் போட நாற்றம் போயிற்று, தேய்ப்பதும் நின்றது. "வந்து பாருடா" என்று உன்னைக் கூப்பிட்டேன்.

"செத்துப்போச்சின்னு நெனச்சிக்கினேன். உட்டுடு."

நடந்து வருகிற தூரம்தான். வெட்கமா, வீம்பா என்று கேட்பதற்குள் நீயே போய்ச் சேர்ந்துவிட்டாய்.

தட்டை வைத்தால் மல்லி உடனே தொடுவதில்லை. உன் பேரைச் சொல்லி, "அவன் போட்டதுதான், துன்னுடி" என்றால்தான் வாய் வைக்கிறாள். மருந்து கண்டவன் நான், மலையேறி மீட்டவன் நான். நீ ஒருநாளும் போடாத பரங்கிக்காயை, தினமும் உன் பேரைச் சொல்லிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.