பீச் தட்டில் புகையிலை

வூஸ்டர், ஒஹாயோ
ஜூன் 9, 1994

டெல்பர்ட்,

நலம். நீயும் நலமாக இருப்பாய்.

நிலவறையில் மழைநீர் கசிகிறது. நீ அடுக்கி வைத்துவிட்டுப் போன பைப் புகையிலை டின்களில் துரு. ஒன்றைத் தூக்கினேன், அடியில் ஊசித்துளை. உள்ளே இலை சருகாய் நொறுங்குகிறது. வேலைக்கென்று நீ துலூத் போய் மூன்று கோடை ஆகிறது. அதன் பிறகு அவற்றை யாரும் தொடவில்லை.

மீதியைக் காப்பி டப்பாவில் கொட்டி வைக்கட்டுமா? ஐஸ்கிரீம் வந்த பிளாஸ்டிக் டப்பாக்களும் இருக்கின்றன.

வெர்னா


துலூத்
ஜூன் 17

அன்புள்ள வெர்னா,

காப்பி டப்பா வேண்டாம். எத்தனை வருஷம் கழித்துத் திறந்தாலும் காப்பிதான் மணக்கும். பிளாஸ்டிக்கில் ஈரம் மெல்லக் கசிந்து போய்விடும். கண்ணாடிதான் சரி. நீ பீச் பழத்தைக் கெடாமல் போட்டு வைக்கும் ஜாடி, அதிலும் சின்னது. பெரிய ஜாடியைத் திறந்தால் மொத்தத்துக்கும் காற்று பட்டுவிடும். சின்னதென்றால் ஒவ்வொன்றாகத் திறக்கலாம், மற்றவை பழுத்துக்கொண்டிருக்கும்; வருஷம் ஆக ஆகத்தான் புகையிலைக்கு ருசி ஏறும். மூடி புதிதாக இருக்கட்டும். ஊறுகாய் மூடியில் பூண்டு வாசனை போகாது.

இன்னொன்று. இங்கே வேலை அக்டோபரோடு முடிகிறது. வீட்டுக்கு வரலாமா?

உன்
டெல்பர்ட்


வூஸ்டர்
ஜூலை 2

டெல்பர்ட்,

அடைத்து, நிலவறையில் பீச் ஜாடிகள் இருக்கும் அலமாரித் தட்டில் அடுக்கிவிட்டேன். ஒரு தவறும் செய்துவிட்டேன். ஜாடிகளை மூடியதும் கை தானாக அவற்றைக் கொதிக்கும் பானையில் இறக்கிவிட்டது, பீச்சுக்குச் செய்வதுபோல. எடுத்து ஆறவைத்து, மூடி டக்கென்று உள்வாங்கிய பிறகுதான் உறைத்தது. ஒன்றைத் திறந்தேன். இலை கறுத்திருந்தது. வேகவைத்த உலர்பழ வாசனை. பாதி இப்படிப் போயிற்று. மற்றதைக் கொதிக்கவிடாமல் மூடினேன்.

உன் அக்கா ஃபெர்ன் வந்திருந்தாள். ஜாடிகளைப் பார்த்துவிட்டு, "புருஷனுக்கு வீட்டுல இடமில்ல, அவன் புகையிலைக்கு மட்டும் பீச் தட்டாக்கும்?" என்றாள்.

"ஆள் மொதல்ல கேக்கட்டும்டி, பாக்கலாம்" என்றேன்.

நீ கேட்டுவிட்டாய் என்று சொல்லவில்லை. யோசிக்கிறேன்.

வெர்னா


துலூத்
ஜூலை 11

அன்புள்ள வெர்னா,

வெந்தது வெந்ததுதான். இனி அது பழுக்காது. ஆனால் கெட்டதும் இல்லை. காத்திருக்கத் தேவையில்லாத புகையிலை என்று வைத்துக்கொள். வந்ததும் அதை முதலில் முடிக்கிறேன், பின்வாசலில் உட்கார்ந்து. வீட்டுக்குள் புகை வராது.

மற்ற ஜாடிகளில் அடைத்த ஆண்டையும் திறக்க வேண்டிய ஆண்டையும் எழுதிவிடு. ஐந்து வருஷமாவது ஆகட்டும். சேர்ந்து திறக்கலாம்.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உன்
டெல்பர்ட்


வூஸ்டர்
ஜூலை 30

அன்புள்ள டெல்பர்ட்,

பேனாவோடு நிலவறைக்கு இறங்கினேன். 1994 என்று எழுத முடிந்தது. திறக்க வேண்டிய ஆண்டை எழுதக் கை வரவில்லை. அந்த ஆண்டில் நீ இந்த வீட்டில் எங்கே இருப்பாய் என்று நினைத்துப் பார்த்தேன். மேஜையில். படிக்கட்டில். எங்கும் உன்னை உட்காரவைக்க முடியவில்லை.

கோபம் இல்லை. தனியாக இருப்பது எனக்குப் பிடித்துவிட்டது. இதை உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

தபாலில் கண்ணாடி உடையும். எல்லாவற்றையும் கனத்த பைகளுக்கு மாற்றி, காற்றைப் பிதுக்கி, ஒட்டி அனுப்பியிருக்கிறேன். வெந்தது தனிக்கட்டு. பை சில மாதம்தான் தாங்குமாம். அதற்குள் அங்கேயே ஜாடி வாங்கிக்கொள்.

வெர்னா