சுவிஸ் பாஷையில் “போட்டு வாறன்”

அன்பு மகள் சரணியாவுக்கு,

நிவாரண வேலைக்குப் போன அந்த மலையூரில் நீ தடிமன் காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையோடு சுவிஸில் வில் நகரத்திலிருந்து அப்பா எழுதுகிறேன். அம்மா, தம்பி அபிசன், நான், மூவரும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகம். உன்னோடு வேலை செய்கிற பிள்ளை லீவு முடிந்து அங்கே திரும்புகிறாள் என்றதால் மிளகாய்த்தூளோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்துவிட்டது. இடம்பெயர்ந்து வந்த அந்தச் சின்னதுகள் பள்ளிக்கூடம் புறப்படும்போது உன்னிடம் கேட்டுப் பழகிய எங்கட ஊர்த் தமிழ் “போட்டு வாறன்” என்பதைச் சுவிஸ் பாஷை என்று நம்பி, பேர்ன் தலைமையகத்திலிருந்து வந்த உங்கள் அதிகாரிக்கும் அதையே சொல்லி வழியனுப்ப, அந்த மனிசன் இது சுவிஸில் எந்தக் கன்டோன் மாநிலத்துப் பேச்சு என்று முழித்தாரே. நீ “போறன்” என்றால், போய்விட்டுத் திரும்பி வருவதாகச் சொல் என்று வாசலிலிருந்து திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லவைத்த அம்மாவுக்கு இப்போது பெருமை தாங்கவில்லை.

இனி நீ கேட்ட விஷயம். இன்னும் ஒரு வருஷம் அங்கே நிற்கட்டோ என்று நீ கேட்டதிலிருந்து அம்மாவுக்கு என்னோடு கோபம், நான்தான் உனக்கு இடம் கொடுத்தேனாம். மலைக்கு அங்கால் உள்ள மண் யாருடையது என்று இரண்டு நாடும் அடிபடுகுது, அந்த எல்லையில என்ர பிள்ளைக்கு என்ன வேலை, வரச் சொல்லுங்கோ என்று ஒரே பாட்டு. எனக்குப் பயமில்லை என்று சொல்லமாட்டேன், செய்தியில் அந்த ஊர்ப் பெயர் வந்தால் சோறு இறங்காது. ஆனால் அவள் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, பிள்ளைகளுக்குப் பின்னால் அடுப்படியில் சுருட்டி வைத்திருக்கிற மெத்தை யாருடையது என்று உன்னிடம் கேட்கச் சொன்னாள். நீயும், அது பிள்ளைகள் தங்கியிருக்கிற வீட்டுக்காரியின் படுக்கை, அறைகளை இடம்பெயர்ந்து வந்த சனத்துக்கு விட்டுவிட்டு அவ அடுப்படியில படுக்கிறா, ஊரில் கன வீடுகளில் இப்படித்தான் என்று எழுதினாய். அதை வாசித்த பிறகு அம்மா தன் பழைய கதையைச் சொன்னாள். தொண்ணூற்றைந்தில் ஊரில் நடந்த சண்டைக்கு இடம்பெயர்ந்து போனபோது கொடிகாமத்தில் முன்பின் தெரியாத ஒருவர் அம்மா வீட்டாருக்குத் தன் அறையைத் தந்துவிட்டு மாட்டுக்கொட்டிலில் படுத்தாராம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்கு அது தெரியாது.

பிறகு என்னை ஒரு சொல் கேட்காமல் நகரசபைக்குப் போய்ப் பேசி, போருக்குத் தப்பி வந்த ஒரு தாயையும் கைக்குழந்தையையும் கூட்டிவந்து உன் அறையில் இருத்திவிட்டாள். உன் உடுப்பெல்லாம் கீழே கெல்லர் நிலவறையில் பெட்டிகளில் கிடக்கிறது, கோபிக்காதே. வீடு கலகலவென்று இருக்கிறது மகள். குழந்தை அம்மாவின் இடுப்பை விட்டு இறங்குவதில்லை, அபிசன்கூடக் கதவை மெதுவாகச் சாத்தப் பழகிவிட்டான். எனக்குச் சந்தோசத்தில் வேலைக் களைப்பே தெரிவதில்லை.

ஆகையால் அம்மாவின் பதில் என்னவென்று நீ இனிக் கேட்கத் தேவையில்லை. நில், ஆனால் கவனமாக நில். குளிருக்குக் காதை மூடு, நேரத்துக்குச் சாப்பிடு, வெளியூர் போனால் போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுது. எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு. லீவில் வரும் நாளை மட்டும் மறக்காமல் முன்கூட்டியே சொல், உனக்கு எங்கள் கட்டிலாம், அம்மா உன் பக்கத்தில் படுப்பாளாம், எனக்குச் சோபாவாம்.

உன் அன்பு அப்பா
தயாபரன்