அம்மாவின் ஸ்கூட்டரும் ஒரு சொம்புத் தண்ணீரும்

கண்ணு என்பதைத் தவிர வேறு பேர் சொல்லி என்னைக் கூப்பிடாத என் அம்மாவுக்கு,

உன் வண்டி நன்றாக இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட நான் வார்டுக்குள் நுழைந்ததும், "வண்டிய நெழல்ல உட்டிருக்கியா கண்ணு?" என்றுதானே கேட்பாய். நிழலில்தான் நிற்கிறது. சாம்பல் நிறம் முன்பக்கம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. வலது கண்ணாடியில் நீ ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டு இன்னும் விழவில்லை. வாட்டர் வாஷ் செய்கிறவர்களிடம் அதைத் தேய்த்துவிடாதீர்கள் என்று சொல்லக் கூச்சப்பட்டு, இப்போதெல்லாம் நானே கழுவிவிடுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் அதுவும் கன்னியாகுமரிக்குப் போகிறோம். விடியும்போது சிங்காநல்லூரில் கிளம்பி, இருட்டுவதற்குள் கடலருகே போய்ச் சேர வேண்டும். நடுவில் தங்கல் கிடையாது. எல்லோரும் பெண்கள். எல்லாம் உன்னுடையதைப் போலச் சின்ன வண்டிகள். நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. பஸ்ஸில் "எறங்கோணுங்க" என்று சத்தமாகச் சொல்ல முடியாமல், அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்த மகள்தானே நான்?

ஆனால் இந்த ஆசையை எனக்குள் போட்டது நீதான். திருச்சி ரோட்டில் மில்லுக்குத் திரும்பும் முக்கில்தான் என் கல்லூரி பஸ் நிற்கும். என்னை இறக்கிவிட்டுவிட்டு, வண்டியை அணைக்காமல் ரோட்டைப் பார்ப்பாய். "இப்பிடித் திரும்பாம நேராப் போனா எங்க கண்ணு போவும்?" என்பாய். பல்லடம் போகும், அப்படியே தாராபுரம் போகும் என்பேன். "அதுக்கும் அக்கட்ட?" என்பாய். நான் பதில் சொல்வதற்குள் இண்டிகேட்டரைப் போட்டுத் திரும்பிவிடுவாய். ஷிப்டுக்கு நேரமாகியிருக்கும். உன் வண்டி ஒருநாளாவது அந்த முக்கில் திரும்பாமல் நேராகப் போக வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

எங்களைக் கூட்டிப் போகிறவர் வசந்தியக்கா. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தையல் சாமான் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வெளியே உன் வண்டியைப் பார்த்துவிட்டு அவரேதான் கூப்பிட்டார். எனக்குப் பேச வராதுங்க, கூட்டத்தோடு பழக்கமில்லைங்க என்றேன். "பேசாத புள்ளைங்கதான் அம்மணி எனக்கு வேணும். மத்ததெல்லாம் ரெண்டு வண்டிய ஒட்டுக்கா ஓட்டீட்டு ரோட்டுலயே ஊட்டுக்கதை பேசுதுக" என்றார்.

வண்டிக்கு வேண்டியதையெல்லாம் முருகேசண்ணன் செய்து கொடுத்துவிட்டார். நீ எப்போதும் விடுகிற அதே பட்டறைதான். ஆயில் மாற்றினார், பிரேக் ஷூ மாற்றினார், பெல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அதையும் மாற்றினார். இரண்டு டயரும் புதிது. சீட்டில்தான் கொஞ்சம் இழுபறி. உன் கால் தரையில் எட்டுவதற்காக ஸ்பாஞ்சை வெட்டிக் குறைத்திருந்தாயே, அதில் நாள் முழுக்க உட்கார்ந்தால் இடுப்பு தாங்காது, எடுத்துவிட்டு வேறு போடலாம் என்றார். நான் சீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் ஸ்பாஞ்சை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"சரி அம்மணி. அக்காவோடது அடியில அப்பிடியே இருக்கட்டும். மேல ஒண்ணு வெச்சுத் தெச்சுப்போடலாம்" என்றார்.

அதனால் உன் மடியில் உட்கார்ந்துதான் போகப்போகிறேன். சாவியைக் கொடுக்கும்போது, "வண்டி ரெடியுங்க. இனி ஓட்டறவங்களைத்தான் சர்வீசுக்கு உடோணும்" என்று சிரித்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். அது அப்படியே நடந்தது.

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் எல்லோரும் முன்னதாக ஒரு ஒத்திகை ஓட்டம் ஓட்டிக் காட்ட வேண்டும். ஈரோடு வரை போய், சென்னிமலை, காங்கயம் வழியாகத் திரும்பி வர வேண்டும். நல்ல வெயில். பெருந்துறை வருவதற்குள் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தொடை இழுத்துப் பிடித்துக்கொண்டது. ஓரங்கட்டி ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த வசந்தியக்கா வண்டியை நிறுத்தினார்.

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சனுங்க்கா."

"எப்ப?"

"இப்பத்தானுங்க."

அவர் என் வண்டியில் மாட்டியிருந்த பையிலிருந்து பாட்டிலை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். காலையில் கடையில் வாங்கியது. மூடியின் சீல் உடையவே இல்லை.

"ஏஞ்சாமி, எப்பிடிக் குடிச்சே? பாட்டிலப் பாத்துட்டே இருந்தா உள்ள போயிருமா?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அன்றைக்குப் பின்சீட்டில் வந்த ஒருத்தி உன் வண்டியை ஓட்டிவர, நான் வசந்தியக்காவுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தேன். வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டபோது வசந்தியக்காவின் குரலில் விளையாட்டு இல்லை. "அடுத்த வாரம் மறுக்கா ஓட்டிக் காட்டு. அன்னைக்கும் சீல் ஒடையலீன்னா உன்ற வண்டி மட்டும் கன்னியாகுமரி வரும். நீ பஸ்ல வந்து சேரு. கோவிச்சுக்காத அம்மணி. ரோட்டுல நீ மயங்கி உழுந்தா உங்கப்பனுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?"

ஏன் குடிக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. தெரிந்திருக்கும். குடித்தால் ஒதுங்கப் போக வேண்டிவரும். போவதற்கு யாரிடமாவது இடம் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அம்மா, வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் படுத்துக்கொண்டு யோசித்தேன். 'இப்பத்தானுங்க குடிச்சேன்.' இதை நான் எங்கே கற்றேன்? ஒறம்பரை, சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் உட்காரும் முன்னே சொம்பில் தண்ணீர் வரும். வாங்காமல் இருப்பது மரியாதை இல்லை. நீ இரண்டு கையாலும் வாங்கி, உதட்டை மட்டும் நனைத்துவிட்டு, பக்கத்தில் மெதுவாக வைத்துவிடுவாய். "குடிங்க, இன்னுங் கொஞ்சம்" என்பார்கள். "இப்பத்தானுங்க குடிச்சேன்" என்பாய். நம் வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் சொம்போடு நிற்பவளும் நீதான். உன் கையால் எத்தனை பேர் குடித்திருப்பார்கள்? நீ வயிறு நிறையக் குடித்து நான் பார்த்ததே இல்லையே.

மில்லில் கழிப்பறை அந்தக் கோடியில் இருக்கும் என்று சொல்லியிருக்கிறாய். போய்விட்டு வர நேரமானால் மேஸ்திரி திட்டமாட்டார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான் என்றும் சொல்லியிருக்கிறாய். திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பாயோ என்னவோ. கடிகாரத்தைப் பார்க்கிறவரிடம் என்ன பேசுவது? அதனால் காலையில் ஒரு டம்ளர் காபியோடு நிறுத்திக்கொண்டாய். ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தியதும் நேராகப் பின்பக்கம் ஓடுவாய். எனக்கு அது அப்போது வேடிக்கையாக இருந்தது.

கிட்னி இரண்டும் சுருங்கிவிட்டன என்று சொன்ன டாக்டரம்மா உன்னிடம் கேட்டார், "தண்ணியெல்லாம் நல்லாக் குடிப்பீங்களாம்மா?" நீ சிரித்துக்கொண்டே, "குடிப்பனுங்க" என்றாய். அவர் மனம் கோணக்கூடாது என்று சொன்னாயா? தண்ணீர் குடிக்காததுதான் காரணம் என்று சொல்ல முடியாது, வேறு காரணங்களும் இருக்கலாம் என்று டாக்டரம்மா பிறகு என்னிடம் சொன்னார். இருக்கலாம். ஆனால் கிட்னி தண்ணீரைப் பிரிக்காது என்று அளந்து அளந்து குடிக்கச் சொன்ன காலத்தில்தான், முதன்முதலாக நீயாகக் கேட்டாய். "இன்னுமொரு மொடக்குக் குடு கண்ணு." கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஈரத்துணியால் உன் உதட்டைத் துடைத்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க எனக்கு சர்வீஸ் நடந்தது. அப்பாதான் மெக்கானிக். லேத் பட்டறைக்குக் கிளம்பும் முன் என் எதிரில் நின்று ஒரு சொம்பு குடிப்பார். அடுத்த சொம்பை என்னிடம் நீட்டுவார். "பெட்ரோல் போடாம எந்த வண்டி ஓடும் அம்மணி?" என்பார். ஆபீசில் மேசைமேல் பாட்டிலை வைத்துக்கொண்டேன். எழுந்து போகும்போது யாரும் என்னைப் பார்ப்பதில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். இத்தனை நாளும் எல்லோரும் பார்ப்பதாக அல்லவா நினைத்திருந்தேன்.

ஆபீஸ் வேறு, ரோடு வேறு. மறு ஒத்திகையில் பெருந்துறையைத் தண்ணீர் குடித்துக்கொண்டே கடந்துவிட்டேன். ஈரோட்டில் எல்லோரும் டீ குடித்தோம். சென்னிமலை வந்தபோது இனி முடியாது என்று ஆகிவிட்டது. மற்ற வண்டிகள் முன்னால் போய்விட்டன. பெட்ரோல் பங்கில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டேன். "பூட்டிக் கெடக்குதுங்க, சாவி ஓனருகிட்ட இருக்குது" என்றார் அங்கிருந்தவர். மலைமேல் கோயில் தெரிந்தது. முருகா, அடுத்த ஊர் வரை தாங்குமா என்று கேட்டுப் பார்த்தேன்.

ரோட்டை ஒட்டிய ஒரு வீட்டில் தறி ஓடும் சத்தம் கேட்டது. கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு நின்றேன். நூலைக் கையில் பிடித்தபடி ஒரு அக்கா வெளியே வந்தார்.

"ஏனுங் அம்மணி, ஆரு வேணும்?"

கேட்க வந்தது ஒன்று. வாயில் வந்தது, "குடிக்கத் தண்ணி கெடைக்குங்களா?" என்பது. அதுதானே நம் ஊரில் யார் வீட்டிலும் கூசாமல் கேட்கக்கூடியது. அவர் உள்ளே போய்ப் பெரிய சொம்பு நிறையக் கொண்டுவந்தார். கேட்டுவிட்டு எப்படிக் குடிக்காமல் இருப்பது? குடித்தேன். இருந்த அவஸ்தையோடு இன்னொரு சொம்பும் சேர்ந்துகொண்டது. நீ பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டும் நகராமல் நின்றேன்.

"இன்னும் வேணுமா கண்ணு?"

அம்மா, அவரும் கண்ணு என்றார். எனக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. "இல்லீங்க்கா. பாத்ரூம் போவோணுங்க" என்று சொல்லிவிட்டேன்.

"அடக் கெரகத்த, அதைச் சொல்றதுக்கா இத்தன நேரம் நின்னே? செருப்போட வா, பரவால்ல, இப்பிடிப் பின்னால வா."

நான் திரும்பி வந்தபோது என் பாட்டிலை நிரப்பி வண்டியில் வைத்திருந்தார். எங்கே போகிறாய் என்று கேட்டார். சொன்னேன். "கன்னியாகுமரிக்கு, இந்த வண்டியிலயா?" என்று உன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு, "நான் பெட்சீட்டு விக்க ஈரோடு சந்தைக்குப் போற அன்னைக்கெல்லாம் ஊடு வந்து சேர்ற வரைக்கும் பச்சத்தண்ணி தொடமாட்டேன் அம்மணி. அங்க எங்க போறது?" என்றார். ஏதோ சமையல் குறிப்பு சொல்வதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

நான் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்களும் ஒரு சொம்பு குடிங்க்கா. பாத்துட்டுப் போறேன்" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

அவர் சிரித்தார். "இப்பத்தான் குடிச்சேன் கண்ணு."

அதே சொல், அதே சிரிப்பு. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டேன். "எங்கம்மாவும் இதையேதானுங்க சொல்லுவாங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய்ச் சொம்பை நிறைத்துக்கொண்டு வந்து, என் எதிரில் நின்று, அண்ணாந்து மடமடவென்று கடைசிவரை குடித்தார். கழுத்து ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "போதுமா? பாத்துப் போய்ட்டு வா" என்றார்.

காங்கயத்தில் மற்றவர்களைப் பிடித்துவிட்டேன். சிங்காநல்லூர் வந்ததும் வசந்தியக்கா ஒன்றும் கேட்காமல் பையில் கையை விட்டுப் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழுந்தது. "வண்டியும் வரட்டும், ஆளும் வரட்டும்" என்றார்.

இதை உனக்கு மட்டும் எழுதி மடித்து வைத்திருக்கலாம். ஊரறிய எழுதுவது உனக்குக் கூச்சமாக இருக்கும், எனக்கும்தான். ஆனால் சந்தைக்கும் மில்லுக்கும் கிளம்புகிற யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டு, எழுந்து போய் ஒரு சொம்பு குடிக்கமாட்டாரா?

ஞாயிற்றுக்கிழமை அந்த முக்கில் இண்டிகேட்டர் போடமாட்டேன் அம்மா. நேராகப் போவேன். பல்லடம், தாராபுரம், அதற்கும் அக்கட்ட. வழியில் யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் உதட்டை நனைத்து வைத்துவிடமாட்டேன். முழுதாகக் குடிப்பேன். பிறகு வாய்விட்டு இடம் கேட்பேன். உனக்கு நான் தரும் வாக்கு அதுதான்.

உன் மடியில் உட்கார்ந்து கடல் பார்க்கப் போகும்,
உன் மக
மேகலா