அம்மாவுக்கு ஒரு கண்ணாடித் தடுப்பு

என் வசந்தி அக்காவுக்கு,

நீ போன பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. போவதற்கு முன்னாலும் எழுதியதில்லைதான். அடையாறுக்கும் மந்தைவெளிக்கும் நடுவில் யார் கடிதம் போட்டுக்கொள்வார்கள்? போனை எடுத்தால் நீதான் லேசில் வைக்க மாட்டாயே. நான் ஒன்று ஆரம்பித்தால் நீ குறுக்கே புகுந்து அதை வேறு எங்கோ கொண்டுபோய் விடுவாய். இன்றைக்குக் குறுக்கே பேச ஆளில்லை. சொல்ல வந்ததை ஒழுங்காகச் சொல்லி முடித்துவிடலாம், அதற்காகவாவது இதைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

விஷயம் என்னவென்றால், பாத்ரூம். சிரிக்காதே. வீட்டில் பாத்ரூமை இடித்துக் கட்டினோம், அதில் எந்தக் கண்ணாடித் தடுப்பு வைப்பது என்று ஒரு மாதமாக அல்லாடினேன். இதற்கெல்லாம் ஒரு கடிதமா என்று கேட்பாய். இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியவில்லை அக்கா.

உன் காரியங்கள் முடிந்த கையோடு அம்மாவை இங்கே அழைத்து வந்துவிட்டேன். உன் ஃப்ளாட் பூட்டிக் கிடக்கிறது. பால்கனிச் செடிகளை எதிர்வீட்டு அம்மா எடுத்துக்கொண்டார், நன்றாகவே பார்த்துக்கொள்கிறார். நம் அம்மாவுக்கு இங்கே ஹாலை ஒட்டிய அறை. சாப்பிடுகிறாள். டிவி பார்க்கிறாள். என் வீட்டுக்காரரிடம் பேப்பரில் இன்றைக்கு என்ன போட்டிருக்கிறான் என்று கேட்டு, அவர் படித்துக் காட்டினால் அரசியல்வாதிகளைத் திட்டுகிறாள். அழவில்லை. உனக்காக அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்க்கவில்லை. எனக்கு அது முதலில் ஆச்சரியமாக இருந்தது, அப்புறம் கோபமாக வந்தது, அப்புறம் பயமாகிவிட்டது.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அவள் ஒத்துவரவில்லை. குளியல். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன நாளிலிருந்து நீதானே அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, முதுகு தேய்த்து, தலை அலசிக் குளிப்பாட்டினாய்? என்னை உள்ளேயே விடுவதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து போய், கதவைச் சாத்தி, உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். வாளியில் மக் இடிக்கும் சத்தம் கொஞ்சம் நின்றால் போதும், எனக்கு உயிர் போய்விடும். கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து, "இருக்கேன் இருக்கேன், இன்னும் போகல" என்று பதில் வரும்.

உன்னிடம் வெட்கப்படாதவள் என்னிடம் மட்டும் எதற்கு வெட்கப்படுகிறாள்? நானும் அவள் பெற்ற பெண்தானே, தவிட்டுக்கு வாங்கியவளா? உன் மேல் எனக்குப் பொறாமைகூட வந்தது. செத்துப் போனவள் மேல் பொறாமைப்படுகிறோமே என்று அதற்கும் ஒருமுறை அழுதேன்.

பொங்கல் கழிந்து ஒரு காலையில் அம்மா உள்ளே வழுக்கிவிட்டாள். நல்லவேளை, குழாயைப் பிடித்துக்கொண்டாள். கதவைத் திறக்கச் சொல்லிக் கத்துகிறேன், அவளால் தாழ்ப்பாளுக்குக் கை எட்டவில்லை. என் வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்து என்னமோ நோண்டித் திறந்தார். அம்மா ஒரு கையால் குழாயைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, மறு கையால் துண்டை நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்தாள். தலையில் வேறு ஒரு துண்டு சுற்றியிருந்தது. அடி ஒன்றும் பெரிதாக இல்லை, கை மட்டும் கன்றிப் போயிருந்தது. அன்றைக்கே முடிவு செய்தோம். இனி அவள் தனியாகக் குளிக்கக் கூடாது, அதற்கு ஏற்ற மாதிரி பாத்ரூமை மாற்றிவிட வேண்டும் என்று.

மாற்றுவது என்றதும் இவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. கோயம்புத்தூரில் ஏதோ ஹோட்டலில் கண்ணாடி அறைக்குள் குளித்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்கு அந்த ஆசை. தண்ணீர் வெளியே தெறிக்காது, தரை காய்ந்திருக்கும், அம்மா வழுக்க மாட்டார்கள் என்று காரணங்களை அடுக்கினார். நியாயமாகத்தான் பட்டது. நம் ஊர் போர் தண்ணீருக்குக் கண்ணாடி ஒரே வாரத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும், தினமும் யார் துடைப்பது என்று நான் கேட்டதற்கு, தானே துடைப்பதாகச் சொன்னார். சாப்பிட்ட தட்டை எடுத்துப் போடாத மனிதர். நீ இருந்திருந்தால் அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருப்பாய்.

அம்மாவையும் அழைத்துக்கொண்டு தி.நகரில் ஒரு கடைக்குப் போனோம். மெட்ரோ வேலைக்காக ரோட்டை எல்லாம் அடைத்து வைத்திருக்கிறார்கள், ஆட்டோ ஊரைச் சுற்றிப் போனது. கடை முழுக்கப் பாத்ரூம்கள், அக்கா. சுவரில்லாத வீடு மாதிரி, ஒன்றன் பக்கத்தில் ஒன்று. தள்ளுகிற கதவு, இழுக்கிற கதவு, மூலையில் வளைந்த கதவு, கதவே இல்லாமல் ஒரே ஒரு கண்ணாடிப் பலகை. நான் என்ன நினைத்துக்கொண்டேன் தெரியுமா? அம்மாவுக்குப் பிரச்சினை வெட்கம்தான் என்று. அதனால் கடைக்காரப் பெண்ணிடம் உள்ளே இருப்பது தெரியாத கண்ணாடியாகக் கேட்டேன். பனி படர்ந்த மாதிரி மங்கலாக ஒன்று காட்டினாள். இன்னும் மங்கலாக வேண்டும் என்றேன். கோடு போட்டது, இலை போட்டது, பால் நிறத்தில் ஒன்று என்று எடுத்துக் காட்டிக்கொண்டே இருந்தாள், பொறுமைசாலி. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, எதைக் கேட்டாலும் உன் இஷ்டம் என்றாள்.

ஒரு கண்ணாடி அறையில் மேலே தாம்பாளம் அளவுக்கு ஒரு ஷவர். மழை மாதிரி விழும் என்று சொல்லி அந்தப் பெண் திறந்து காட்டினாள். விழுந்தது, கொட்டோ கொட்டென்று. திரும்பிப் பார்க்கிறேன், அம்மா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஏசி குளிர்கிறது போல என்று நினைத்து, குளிரைக் குறைக்கச் சொன்னேன். அறிவு கெட்டவள் நான். அப்போதுகூட எனக்குப் புரியவில்லை. பால் நிறக் கண்ணாடி, இழுக்கிற கதவு, மேலே அந்த மழை ஷவர் என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்கு வந்தோம்.

பிளம்பர் யார் என்று கேட்க மாட்டாயா? ராயப்பேட்டை பஷீர் பாய்தான். உன் வீட்டுக் குழாய்களைப் போட்டவரே. முதல் நாள் வந்ததும் உன்னைப் பற்றித்தான் பேசினார். உன் கையால் டீ குடிக்காமல் அந்த வீட்டை விட்டுப் போனதே இல்லை என்றார். சுவரைக் கொத்திப் பைப் எல்லாம் போட்ட பிறகு, ஷவர் எவ்வளவு உயரத்தில் வர வேண்டும் என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா தன் அறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"மேல வேணாம் பாய். மேலேருந்து ஒண்ணும் வேணாம்."

அவர் என்னைப் பார்த்தார். "இன்னாம்மா இது, நீங்க ஒண்ணு சொல்றீங்க, அவங்க ஒண்ணு சொல்றாங்க. சுவத்த தொறந்து வெச்சிக்கினு கீறேன். டைல்ஸ் ஒட்டிட்டா அப்பால ஒடைக்கத்தான் வேணும். உக்காந்து பேசிக்கினு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கக் கீழே போனார்.

நான் அம்மாவிடம் போனேன், கோபமாகத்தான் போனேன். கடையில் உன் இஷ்டம் என்று தலையை ஆட்டிவிட்டு இப்போது என்ன என்று கேட்டேன். தலையில் நீர் கோத்துக்கொள்ளும் என்றாள். இதையேதான் மழைக்காலம் முழுக்கச் சொன்னாள், மார்கழிப் பனியிலும் சொன்னாள். இப்போது மாசி வெயில் மண்டையைப் பிளக்கிறது, இன்னும் என்ன நீர் கோத்துக்கொள்வது? சிக்குப் பிடித்து வாடை வருகிறதம்மா, இன்றைக்கு நானே அலசி விடுகிறேன் என்று அவள் கொண்டையில் கை வைத்தேன். என் கையைத் தட்டிவிட்டாள். அவளுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அப்புறம் சொன்னாள். உன்னை எடுத்துக்கொண்டு போன அன்று நாங்கள் எல்லோரும் தலைக்கு ஊற்றிக்கொண்டோம் இல்லையா? அம்மாவையும் பாத்ரூமுக்குள் விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஈரப் புடவையோடு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். யார் துண்டை அவிழ்த்துப் பார்த்தார்கள்? தோளுக்குக் கீழேதான் ஊற்றிக்கொண்டாளாம். தலையில் ஒரு சொட்டு விழவில்லையாம். அன்றைக்கும் இல்லை, காரியத்தன்றும் இல்லை, இன்றுவரைக்கும் இல்லை. அதற்குத்தான் அந்தத் தாழ்ப்பாள்.

"ஏம்மா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"எனக்காக அவ தலைக்கு ஊத்திக்கணும்டி. அவளுக்காக நான் ஊத்திக்கிறதா? எந்த ஊர் நியாயம் இது?" என்றாள். சத்தம் போடவில்லை. ஏதோ கடைக்காரன் சில்லறை குறைத்துக் கொடுத்துவிட்டதைச் சொல்வது போலச் சொன்னாள். தொடர்ந்து, "ஊத்திக்கிட்டா முடிஞ்சிடும். நான் முடிக்க மாட்டேன்" என்றாள்.

நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும், அக்கா? எல்லோரும் செய்வதுதான் என்றா? நீ போய்ச் சேர்ந்தாயிற்று, இவள் ஊற்றிக்கொண்டாலும் கொள்ளாவிட்டாலும் ஒன்றுதான் என்றா? அவள் கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் அழுதேன், அவள் அழவில்லை. என் முதுகை மட்டும் தடவிக்கொண்டிருந்தாள். பெண்ணைப் பறிகொடுத்தவள் அவள், தேற்றப்பட்டவள் நான். நம் வீட்டில் எது நேராக நடந்திருக்கிறது?

பாய் திரும்பி வந்ததும் மேலே எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இடுப்பு உயரத்தில் ஒரு கை ஷவர், உட்காரச் சுவரில் ஒரு பலகை, பிடித்துக்கொள்ளக் கம்பி, அவ்வளவுதான். கடைக்குப் போன் செய்து பால் நிறக் கண்ணாடியையும் வேண்டாம் என்றேன். கதவில்லாத அந்த ஒற்றைப் பலகைதான் இப்போது நிற்கிறது. தண்ணீர் தெறிக்காமல் பாதி மறைக்கும், மீதி திறந்திருக்கும். குளிக்கிறவளும் குளிப்பாட்டுகிறவளும் சேர்ந்து நிற்க அதில்தான் இடம். இவருக்குக் கொஞ்சம் வருத்தம், ஹோட்டல் மாதிரி வரவில்லை என்று. காரணத்தை நான் அவரிடம்கூடச் சொல்லவில்லை. உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றேனே, இதைத்தான்.

நேற்று முதல் குளியல். அம்மா வந்து கதவருகே நின்றாள். தலைக்கு ஊற்ற மாட்டேன், நீயாகக் கேட்காமல் ஊற்றவே மாட்டேன் என்றேன். என்னை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே வந்து பலகையில் உட்கார்ந்தாள். தாழ்ப்பாளைத் தொடவில்லை.

முதுகு எவ்வளவு சின்னதாகிவிட்டது அக்கா. நீ தினமும் பார்த்ததால் உனக்குத் தெரிந்திருக்காது. வெந்நீரைப் பதமாக வைத்து, தோளிலிருந்து கீழே மட்டும் காட்டினேன். சூடு போதுமா, போதுமா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்ததில் அம்மாவுக்கு எரிச்சல் வந்து, அவள் இப்படிக் கேட்டே கொல்ல மாட்டாள் என்று உன்னைச் சொல்லி என்னைத் திட்டினாள். நீ போன பிறகு உன்னை அவள் வாயால் சொன்னது அதுதான் இரண்டாவது தடவை. திட்டு எனக்கு இனித்தது.

பழக்கமில்லாத கை, ஷவர் குழாய் நழுவிப் பாம்பு மாதிரி துள்ளி என் தலையை முழுக்க நனைத்துவிட்டது. குழாயைப் பிடித்து மூடி நிமிர்ந்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடியிலிருந்து என் முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தன் மேலிருந்த துண்டை எடுத்து, என்னைக் குனியச் சொல்லி, என் தலையைத் துவட்டினாள். ஒன்றுமே உடுத்தாமல், வெட்கமே இல்லாமல் உட்கார்ந்து துவட்டினாள். துவட்டிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அழுகிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வாய் திறந்து, சத்தம் வந்து, மூச்சு வாங்கி, அழுதே தீர்த்தாள். நான் அவள் மடியில் தலையைக் கொடுத்தபடியே இருந்தேன்.

ஓய்ந்த பிறகு என் காதருகே சொன்னாள். "நீயாவது எனக்குத் தலைக்கு ஊத்திக்கணும்டி. கேட்டுச்சா? நீயாவது."

கேட்டது அக்கா. அப்பாவுக்கு வந்த அதே நெஞ்சு வலிதான் உனக்கும் வந்தது. என்னையும் ஒருமுறை காட்டிக்கொள்ளச் சொல்லி, உன்னைப் பார்த்த டாக்டர் உன் காரியத்துக்கு வந்தபோதே சொன்னார். வேலை வேலை என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன். உண்மை வேறு. உன் பின்னாலேயே வந்துவிட்டால்கூடப் பரவாயில்லை என்று சில நாள் தோன்றும். இனி அப்படித் தோன்றாது என்று சொல்ல மாட்டேன், தோன்றினாலும் கிளம்ப மாட்டேன். இன்று காலை போய் நெஞ்சைக் காட்டிவிட்டு, எழுதிக் கொடுத்த மாத்திரைகளையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறக்காமல் போட்டுக்கொள்வேன்.

உனக்கு நான் கொடுக்கிற வாக்கு இதுதான். எவ்வளவு ஆசையாக இருந்தாலும், அம்மாவுக்கு முன்னால் உன்னிடம் வர மாட்டேன். அவளை முதலில் உன்னிடம் அனுப்பி வைத்துவிட்டு, அவளுக்காகத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, அப்புறம்தான் வருவேன். அதுவரைக்கும் நீ அங்கே தனியாகத்தான் இருக்க வேண்டும், என்னை மன்னித்துக்கொள்.

உன்னையும் கணக்கில் சேர்த்தால்தான் இன்னமும் தங்கையாக இருக்கிற,
சித்ரா